குற்றவாளி கூந்தலன்று!

உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்குப் புறப்படுமுன், எம் அண்ணன் மகள் பட்டணத்திலுள்ள ஒப்பனைக் கடையொன்றிற்குச் சென்று, ஐந்து மணி நேரம் ஒரே நாற்காலியில் அமர்ந்திருந்து, தன் சுருள் முடியை நேராக்கிக்கொண்டு வந்தாள். முடி கண்ணாடிபோல் பளபளத்துத் தொங்கிற்று. திருமணம் முடிந்து ஒரு வாரத்தில் இருமுறை தலை முழுகினாள். காய்ந்தவுடன் பார்த்தால், பாதி முடி பழைய சுருளுக்கே திரும்பிவிட்டது. கடைக்குப் போய்க் கேட்டாள். "உங்கள் முடி முரட்டு முடி, மருந்துக்கு அடங்கவில்லை. இன்னொரு முறை போட்டால்தான் சரிப்படும்" என்று பதில் வந்தது. வீடு திரும்பியவள், "சித்தப்பா, என் முடியே சரியில்லையாம்" என்று சொல்லித் தலைகுனிந்து நின்றாள்.

அந்தத் தலைகுனிவைக் கண்ட பின்னரே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். கூந்தலைப் பற்றி எழுத ஓர் இலக்கியப் பகுதியில் இடமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அறிவிலே ஏற்பட்ட கோணலைத் தலைமயிரின் கோணலென்று சொல்லி ஒரு பெண்ணை நாணவைக்கும் இடம் எதுவாயினும், அங்கே எழுதுகோலுக்கு வேலையுண்டு என்பதே எம் விடை.

வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்து அது தீராவிட்டால், "உன் வயிறு கெட்ட வயிறு" என்று வைத்தியன் சொல்வானாயின் நாம் அவனை மதிப்போமா? மருந்து தவறா, அளவு தவறா, முறை தவறா என்றல்லவா கேட்போம்? முடியை நேராக்கும் மருந்து தோற்கும்போது மட்டும் அக்கேள்வி எழுவதில்லை. மருந்து செய்தவன், விற்றவன், பூசியவன் மூவரும் தப்பித்துக்கொள்கிறார்கள். பணம் கொடுத்த பெண்ணின் தலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. இவ்வழக்கில் உண்மைச் சாட்சி யாதென்று விசாரிப்போம்.

முடியும் ரப்பரும்

மலாயாத் தமிழருக்கு இதை விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியற்காலையில் எழுந்து வெட்டிய பால்மரத்தையே உதாரணமாகக் கொள்ளலாம். மரத்திலிருந்து வடியும் பாலை உறையவைத்துப் பெறும் பச்சை ரப்பர், வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதனோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால், உருவம் கெடாது மீண்டு நிற்கும் வலிமை அதற்கு வந்துவிடுகிறது என்பதை 1839-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் கண்டார். காரணம் யாது? ரப்பரின் நீண்ட இழைகளுக்கிடையே கந்தகம் பாலங்களாக நின்று, ஓர் இழையை மற்றோர் இழையோடு பிணைக்கிறது. நாம் ஏறிச் செல்லும் வண்டியின் சக்கரம் தன் வடிவை விடாதிருப்பது அக்கந்தகப் பாலங்களால்தான்.

மனிதனுடைய முடியும் இதே தத்துவத்தில் அமைந்தது. முடி என்பது கெராட்டின் என்னும் புரதத்தின் இழைகளாலானது. அவ்விழைகளை இருவகைக் கட்டுகள் முக்கியமாகப் பிணைத்து நிற்கின்றன. ஒன்று, நீர் பட்டால் அவிழ்ந்து, உலர்ந்தால் மறுபடி முடிச்சிட்டுக்கொள்ளும் மெல்லிய கட்டு. ஈரமுடியைச் சீப்பால் நேரே இழுத்துச் சூடான காற்றில் உலர்த்தினால் அது சிறிது காலம் நேராக நிற்பதும், மழைத்தூறல் பட்டவுடன் சுருண்டுகொள்வதும் இதனால்தான். மற்றொன்று கந்தகக் கட்டு. இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் பாலம். தண்ணீரோ சீப்போ சாதாரணச் சூடோ இதை அசைக்கமாட்டா. நிலையாக நேராக்கவேண்டுமாயின் இப்பாலத்தை உடைத்தே ஆகவேண்டும்.

சுருள் எங்கிருந்து வருகிறது? முடி முளைக்கும் குழி தோலுக்குள் நேராக இருந்தால் முடி நேராகவும், வளைந்திருந்தால் சுருளாகவும் வளர்கிறது. சுருள் முடியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் வட்டமாயிராது, முட்டைபோல் நீண்டிருக்கும். ஆகவே சுருள் என்பது நோயன்று, அழுக்கன்று, வளர்ப்பின் குறையுமன்று. அஃது அக்குழியின் வடிவம் மாத்திரமே.

இப்போது மருந்துக்கு வருவோம். ரிலாக்ஸர் என்று விற்கப்படும் குழம்புகளில் பழமையானது காஸ்டிக் சோடாவைக் கொண்டது. சவுக்காரம் காய்ச்சவும், அடைபட்ட சாக்கடைக் குழாயைத் திறக்கவும் உதவும் அதே காரம். காரத்தை அளக்கும் 14 படிகள் கொண்ட அளவுகோலில் தண்ணீர் 7-ஆம் படியில் நிற்கிறது. இக்குழம்புகளோ 12-க்கு மேல் நிற்கின்றன. காரம் முடியை வீங்கவைத்து, மேற்செதிள்களைத் திறந்து உட்புகுந்து, கந்தகப் பாலத்திலுள்ள இரண்டு அணுக்களில் ஒன்றை வெளியேற்றிவிடுகிறது. எஞ்சிய ஒற்றைக் கந்தகத்தைக்கொண்டு புதியதொரு கட்டு உண்டாகிறது. இது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பாது.

இரண்டாவது வகை தயோகிளைக்கலேட் என்னும் உப்பைக் கொண்டது. நம் ஊர்களில் ரீபாண்டிங் என்று சொல்லப்படுவது இவ்வகையைச் சேர்ந்தது. இது பாலத்தை நடுவில் அவிழ்க்கிறது. முடியைச் சூடான தகட்டால் நேராக்கிய பிறகு, ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற இரண்டாம் மருந்து அப்பாலத்தைப் புதிய இடத்தில் மறுபடி பூட்டுகிறது. முதல் வகையில் பாலம் மாற்றப்படுகிறது. இரண்டாம் வகையில் பாலம் பெயர்த்துக் கட்டப்படுகிறது. இந்த வேற்றுமையை வாசகர் நன்கு நினைவில் வைக்கவேண்டும். பின்னர் வரும் பெரும் ஆபத்து இதிலேதான் ஒளிந்திருக்கிறது.

தோற்றது யார்?

மருந்து தோற்பதன் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, குற்றம் யாருடையதென்று கேட்போம்.

முதலாவது, காலமும் வலிமையும். தடித்த முடியினுள் மருந்து ஊறுவதற்கு நேரம் அதிகம் வேண்டும். மெல்லிய முடிக்குக் குறைவாகப் போதும். ஒரே தலையிலேயே நெற்றியோர முடி வேறு, பிடரி முடி வேறு. எல்லாருக்கும் ஒரே குழம்பு, ஒரே கடிகாரம் என்று வைத்தால், சிலருக்குப் பாதிப் பாலங்களே உடையும். தலை எரிகிறதென்று பாதியில் கழுவிவிட்டாலும் அவ்வாறே. அந்நிலையில் அன்றைக்கு நேராகத் தோன்றுவது, நீர்க்கட்டின் தயவால் வந்த நேர்மையே. முதல் முழுக்கில் அது கரைந்துவிடும். இதில் முடியின் முரட்டுத்தனம் எங்கே இருக்கிறது?

இரண்டாவது, தடை. எண்ணெய்ப் பசை முடியின்மேல் கவசம்போல் நின்று மருந்தைத் தாமதப்படுத்தும். உலர்ந்த முடியில் பூசவேண்டிய காரக் குழம்பை ஈர முடியில் பூசினால் அதன் வலிமை நீர்த்துவிடும். சில சாயங்களிலுள்ள உலோக உப்புகளும் மருந்தின் வேலையைக் கெடுக்கும். இவற்றையெல்லாம் முன்கூட்டிக் கேட்டறிவதும், ஒரு சிறு முடிக்கற்றையில் சோதித்துப் பார்ப்பதும் பூசுபவருடைய கடமை. கேளாமல் பூசிவிட்டுப் பின்னர் முடியை வைவது, நிலத்தைப் பாராமல் விதைத்தவன் மண்ணை வைவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, கலவை. "காஸ்டிக் இல்லாதது" என்று பெருமை பேசி விற்கப்படும் ஒருவகைக் குழம்பு, இரண்டு புட்டிகளாக வரும். சுண்ணாம்புக் காரத்தோடு குவனிடின் கார்பனேட்டைக் கலந்தவுடன் குவனிடின் ஹைட்ராக்ஸைடு பிறக்கிறது. அதுதான் வேலை செய்வது. சரியாகக் கலக்காவிட்டாலோ, கலந்து நெடுநேரம் வைத்திருந்தாலோ பயன் குன்றும். மேலும் அது விட்டுச்செல்லும் சுண்ணாம்புப் படிவம் முடியை வறட்டி, அடுத்த முறைக்கும் இடையூறாகிறது. பெயரில் காஸ்டிக் இல்லை. காரத்தில் அதற்குத் தம்பியுமில்லை!

நான்காவது, கைவேலை. மருந்து கட்டை அவிழ்க்குமேயன்றி, முடியைத் தானே நேராக நிறுத்தாது. கையாலோ சீப்பின் முதுகாலோ மெல்ல நீவி நேராக்கவேண்டும். நீவாமல் விட்டால், கட்டவிழ்ந்த முடி வளைந்தபடியே நிலைத்துவிடும். ரீபாண்டிங்கிலோ, இரண்டாம் மருந்தை அவசரப்பட்டுக் கழுவினால் பூட்டு சரியாக விழாது. சுருளும் திரும்பும், முடியும் நலியும். எம் அண்ணன் மகளின் தலையில் நிகழ்ந்தது இன்னதென்று நாம் துணிந்து சொல்லோம். ஆயினும் எது நிகழ்ந்திருந்தாலும் அது அவள் குற்றமாயிருக்க வழியில்லை.

ஐந்தாவது, மிகக் கொடியது. காஸ்டிக் குழம்பால் நேராக்கப்பட்ட முடியில் சுருள் எஞ்சியிருப்பதைக் கண்டு, அதன்மேல் தயோகிளைக்கலேட்டைப் பூசுகிறார்கள். ஒற்றைக் கந்தகக் கட்டை இம்மருந்தால் அவிழ்க்க முடியாது. ஆகவே அங்கே அது தோற்கிறது. தப்பியிருந்த பழைய பாலங்களையோ அது உடைத்துத் தள்ளுகிறது. விளைவு, கைப்பிடி கைப்பிடியாக முடி ஒடிந்து விழுதல். "இன்னொரு முறை போடலாம்" என்ற இனிய சொல்லுக்குள் இருக்கும் நஞ்சு இதுதான். முன்பு எந்த மருந்து பூசப்பட்டதென்று கேளாமல் இரண்டாம் முறை கை வைப்பவரிடமிருந்து எழுந்து ஓடிவிடுவதே அறிவுடைமை.

ஆறாவது காரணத்தை எந்தக் கைத்திறனாலும் வெல்லமுடியாது. மருந்து மாற்றுவது வெளியே வந்துவிட்ட முடியை. தோலுக்குள் இருக்கும் குழி வளைந்தபடியே இருக்கிறது. மாதத்திற்கு ஏறக்குறைய அரை அங்குலம் புதிய முடி, பழைய சுருளோடு கிளம்பிவருகிறது. ஆறு அல்லது எட்டு வாரத்திற்கொருமுறை அடிமுடிக்கு மறுபடியும் பூசவேண்டும். வியாபாரிக்கு இது தோல்வியன்று, வருமானம்! தீராத கடன்போல், வாழ்நாள் முழுவதும் கட்டவேண்டிய கப்பமாக இஃது அமைந்துவிடுகிறது.

இவற்றோடு ஒரு மூடநம்பிக்கையும் உலவுகிறது: "எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது" என்பது. தோலின் மேற்புறமும் அதே கெராட்டினால் ஆனதன்றோ? எரிச்சல் என்பது முடி நேராகிறது என்ற நற்செய்தியன்று. தோல் வேகிறது என்ற அபாயச் சங்கு.

இம்மருந்து பிறந்த கதை

இக்குழம்பின் வரலாறு அமெரிக்க நீக்ரோவர் என்று அக்காலத்தார் அழைத்த கறுப்பின மக்களின் கண்ணீரோடு கலந்தது. அடிமைத்தளை சட்டப்படி அறுந்த பின்னும், நேரான முடியே நல்ல முடி, சுருள் முடி கெட்ட முடி என்ற எண்ணம் அறவில்லை. வேலை தேடிப்போனவருக்கும் மரியாதை தேடிப்போனவருக்கும் தலைமயிரே முதல் தடையாயிற்று.

அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து, பின்னாளில் புகையிலிருந்து காக்கும் முகமூடியையும் போக்குவரத்துச் சைகைக் கருவியொன்றையும் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற காரட் மார்கன் என்பவர், தையல் இயந்திர ஊசி உராய்ந்து துணி பொசுங்குவதைத் தடுக்க ஒரு திரவம் தேடியபோது, அது உரோமத்தை நேராக்குவதைக் கண்டதாகச் சொல்லப்படுகிறது. அடுத்த வீட்டு நாயின்மேல் அதைச் சோதித்தார் என்றும் சொல்வர். 1913-இல் அதை விற்க ஒரு கம்பெனியே ஏற்பட்டது. வாலிபர்களோ காஸ்டிக்கோடு உருளைக்கிழங்கையும் முட்டையையும் வீட்டிலேயே கலந்து தலையில் பூசிக்கொண்டனர். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், 1965-இல் வெளியான தம் வரலாற்றில், முதன்முதல் அக்கலவையைப் பூசிக்கொண்ட நாளை நினைவுகூர்ந்து, தலை தீப்பற்றியதுபோன்ற அவ்வேதனையைத் தாங்கியது, தன்னைத்தானே இழிவுபடுத்திக்கொண்டதன் முதற்படி என்று நொந்து எழுதியிருக்கிறார்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் கொடியது. 1950-ஆம் ஆண்டின் மக்கட்பதிவுச் சட்டத்தின்படி ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்தபோது, ஐயத்துக்குரியவரின் முடியில் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பது வழக்கமாயிருந்தது. பென்சில் நழுவி விழுந்தால் ஓர் இனம். சிக்கி நின்றால் வேறோர் இனம். ஒரு குடும்பத்தின் பிள்ளைகளே வெவ்வேறு இனத்தவரென்று பிரிக்கப்படவும் கூடும். அச்சட்டம் 1991-இல் ஒழிந்தது. ஒரு காசுப் பென்சில் மனிதனுடைய வாழ்வை நிர்ணயித்த நாட்டில், முடியை நேராக்கிக்கொள்ளப் பெண்கள் துடித்ததை யார் குறைகூற முடியும்?

ஆகவே இம்மருந்தைப் பூசிக்கொள்ளும் பெண்களை நாம் ஏசவில்லை. ஏசுவது, பூசாதவளுக்கு வாயிலை அடைத்த உலகத்தை. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் 2019-இல், இயற்கை முடியையும் பின்னல்களையும் காரணங்காட்டி வேலையிலும் பள்ளியிலும் ஒருவரை ஒதுக்கலாகாதென்று சட்டம் செய்தது. அதே ஆண்டில் நியூயார்க்கும் செய்தது. தலையில் இயற்கையாய் முளைப்பதை வைத்துக்கொள்ளச் சட்டம் வேண்டியிருக்கிறதென்றால், அடக்குமுறை எவ்வளவு ஆழம் சென்றிருந்தது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க.

மறுப்புரைகளுக்கு மறுப்பு

"இது அவரவர் விருப்பம், நீங்கள் யார் தடுக்க?" என்பர் சிலர். நாம் தடுக்கவில்லை. விருப்பம் என்பது அறிந்து செய்வது. எந்தக் காரம், எவ்வளவு நேரம், முன்பு பூசியதோடு ஒத்துப்போகுமா, எத்தனை வாரத்தில் திரும்பும் என்பதொன்றையும் சொல்லாமல் நாற்காலியில் அமர்த்துவதில் விருப்பத்துக்கு இடம் எங்கே? எட்டு வயதுச் சிறுமியின் தலையில் தாயே பூசிவிடுவதில் யாருடைய விருப்பம் இருக்கிறது?

"இப்போது தீங்கற்ற மருந்துகள் வந்துவிட்டன" என்பர் வேறு சிலர். பெயர் மாறியதே தவிரக் கந்தகப் பாலம் மாறவில்லை. அதை உடைக்கவல்லது எதுவும் மென்மையானதாயிராது. மேலும் 2022-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஒரு முடிவை வெளியிட்டனர். முடியை நேராக்கும் மருந்தை ஒருபோதும் பயன்படுத்தாதவருள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் காணக்கூடியவர் நூற்றுக்கு 1.64 பேர் என்றும், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவருள் நூற்றுக்கு 4.05 பேர் என்றும் கணக்கிட்டனர். இது தொடர்பைக் காட்டுகிறதேயன்றி, இன்ன பொருளே காரணமென்று நிறுவிவிடவில்லை. அந்நோயும் பலருக்கு வருவதன்று. நேர்மையாய் இதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால், "ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் உரிமை விற்பவருக்கு இனி இல்லை.

"சுத்தமாய், ஒழுங்காய்த் தோன்றவேண்டாமா?" என்பது மூன்றாவது கேள்வி. ஒழுங்கு வேறு, நேர் வேறு. கழுவி, உலர்த்தி, வாரிய சுருள்முடி ஒழுங்கற்றதென்று எந்த நூல் சொல்கிறது? நம்மவருள்ளும் பெண்பார்க்கப் போகுமிடத்தில் நிறத்தைப் பார்த்து, பின் முடியைப் பார்த்து, "பரட்டை" என்று முணுமுணுக்கும் கிழவர்களும் கிழவிகளும் உண்டல்லவா? கடல்கடந்து வந்தபோது மூட்டைமுடிச்சுகளோடு அந்த அளவுகோலையும் சுமந்துவந்தோம். வந்த இடத்தில் அதற்குப் புதிய ஆங்கிலப் பெயரும், மின்விளக்கிட்ட கடையும் கிடைத்தன, அவ்வளவே வேற்றுமை.

என்ன செய்யலாம்?

வீண் ஆவேசத்தோடு நிறுத்துவது எம் வழக்கமன்று. பூசிக்கொள்ள விரும்பும் சகோதரி, மருந்தின் வகையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். இருவகை மருந்தை ஒரே முடியில் ஒருபோதும் சேர்க்க இடங்கொடாதிருக்கட்டும். எரிந்தால் உடனே கழுவச் சொல்லட்டும். முன்பு நேராக்கிய பகுதியின்மேல் மறுபடி பூசவிடாதிருக்கட்டும். சுருள் திரும்பினால், அன்றே மறுமுறை உட்காராது, முடியைச் சோதிக்கச் சொல்லிக் காரணம் கேட்கட்டும். சிறுமிகளின் தலையில் இக்காரம் ஏறவே வேண்டாம். இவற்றைக் கேட்டுக் கோபிக்கும் கடை, பணத்துக்குத் தகுதியற்ற கடை.

எல்லாவற்றிற்கும் மேலாக, "உன் முடி சரியில்லை" என்று எவர் சொன்னாலும், "உங்கள் மருந்து சரியில்லை, அல்லது முறை சரியில்லை, அல்லது இரண்டும் சரியாயிருந்தும் என் தலை உங்களுக்குக் கட்டுப்படவேண்டிய கட்டாயம் இல்லை" என்று நிமிர்ந்து நின்று சொல்லப் பழகுவோமாக.

எம் அண்ணன் மகள் இரண்டாம் முறை அக்கடைக்குச் செல்லவில்லை. ஒடிந்த நுனிகளை வெட்டிவிட்டு, அடியிலிருந்து கிளம்பும் சுருளை அப்படியே வளரவிட்டிருக்கிறாள். இனி நேராக்கிக்கொள்வாளா மாட்டாளா என்பது அவள் இஷ்டம். அவள் இனித் தலைகுனிந்து நிற்கக்கூடாது என்பது ஒன்றுதான் நம் கவலை. கூந்தல் வளைந்திருந்தால் குற்றமில்லை. அதற்காக ஒரு பெண்ணின் கழுத்து வளையுமாயின், அக்குற்றம் நம் எல்லோருடையதும் ஆகும். சிந்திப்பீர்களாக!